அடிவாரத்து வெயிலை நம்பலாமா?
ஐப்பசி மழையைக் காரணம் காட்டிச் சதுரகிரி மலைப்பாதையை வனத்துறை மூடும்போதெல்லாம், 'இங்கே வெயிலடிக்கிறதே' என்ற முணுமுணுப்பு தாணிப்பாறை அடிவாரத்தில் எழுகிறது. அடிவாரத்து வெயிலுக்கும் ஓடை வெள்ளத்துக்கும் தொடர்பில்லை. வடகிழக்குப் பருவமழையில் காட்டு மண் ஏற்கெனவே நீரில் ஊறிக் கிடக்கும். மேலும் பெய்வது உள்ளிறங்காமல் செங்குத்தான பாறைச் சரிவில் வழிந்து ஓடைகளில் சேரும். உச்சியில் கொட்டித் தீர்த்தால், கணுக்கால் நீர் சிறிது நேரத்திலேயே இடுப்பளவாகும். பாதையோ மாங்கனி ஓடை, சங்கிலிப்பாறை ஓடை என நீர்வழிகளைக் கடந்தே செல்கிறது. ஏறும்போது எளிதாகக் கடந்த ஓடைதான் இறங்கும்போது வழிமறிக்கும். தெளிந்த நீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் அக்கணமே கரையேற வேண்டும். முழங்காலளவு விரைநீரே ஆளைச் சாய்த்துவிடும். 2015 மே மாதத்தில் இங்கே பக்தர்களின் உயிரைப் பறித்த திடீர் வெள்ளம், கோடை மழையில் வந்தது. பாதையை மூடுவது சரியே. ஆனால் அந்த அறிவிப்பு, வெளியூர்ப் பக்தர்கள் பேருந்து ஏறுவதற்கு முன்பே அவர்களை எட்ட வேண்டும்.