டாக்டர் கனவும் நாலாவது பாடமும்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தாச்சா? பெண் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாளா? முதலில் அவள் வாயில் கொஞ்சம் சர்க்கரையைப் போடுங்கள்! ஏனென்றால், அடுத்த வாரமே ஒரு கேள்வி உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கப் போகிறது: "பிளஸ் ஒன்னில் என்ன குரூப்?"

"டாக்டருக்குப் படிக்கணும்" என்று பெண் சொல்லிவிட்டால் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் முடிவாகிவிடும். அதில் பேச்சே இல்லை. கூட வரும் நாலாவது பாடம் எது என்பதில்தான் வீட்டுக்கு வீடு மண்டையிடி.

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், ஆரோவில்லை ஒட்டியிருக்கிற இடையஞ்சாவடி போன்ற கிராமங்களில் இந்த மண்டையிடி இன்னும் கொஞ்சம் அதிகம். தெற்கே புதுச்சேரி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். ஜிப்மர் ஆஸ்பத்திரி பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம்தான். வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் டாக்டர்களைப் பார்த்து வளர்கிற பெண்களுக்கு ஆசை வராமல் இருக்குமா? ஆனால் எந்த குரூப் எடுத்தால் எந்த வழி திறக்கும், எது அடைபடும் என்று உட்காரவைத்துச் சொல்லத்தான் பல வீடுகளில் ஆள் இல்லை.

அந்தப் பக்கத்து வீடுகளில் இப்படி ஒரு பேச்சு காதில் விழலாம்:

"மேத்ஸ் எடுத்துக்கடி. டாக்டர் சீட்டு கிடைக்கலன்னாலும் இஞ்சினீயராவது ஆயிடலாம்."

"வாணாம்மா. மேத்ஸ்னாலே எனக்குப் பயமா இருக்கு. பாட்டனி, ஜுவாலஜியே எடுத்துக்கறேன்."

"டீச்சர் இன்னா சொல்றாங்க?"

"உன் இஷ்டம்னு சொல்லிட்டாங்க."

இதில் யார் சொல்வது சரி? அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, பெண் சொல்வதிலும் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போமா?

முதலில் கணக்கைப் பாருங்கள்

தமிழ்நாட்டில் 2017 முதல் எம்.பி.பி.எஸ். இடங்கள் நீட் மதிப்பெண்ணை வைத்தே நிரப்பப்படுகின்றன. மொத்தம் 720 மார்க். அதில் உயிரியலுக்கு மட்டும் பாதி, அதாவது 360. இயற்பியலுக்கு 180, வேதியியலுக்கு 180. தமிழிலும் எழுதலாம். சரியான விடைக்கு நாலு மார்க். தவறான விடைக்கு ஒரு மார்க் போய்விடும்.

பிளஸ் டூ மார்க் எதற்கு என்றால், தகுதிக்கு. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்துப் பொதுப் பிரிவினருக்கு 50 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம் இருந்தால் போதும். இதில் நாலாவது பாடத்தைக் காணோமே என்கிறீர்களா? ஆமாம். கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் டாக்டர் சீட்டுக்கு அது ஒரு மார்க்கைக் கூடக் கூட்டாது!

அப்படியானால் நாலாவது பாடம் எதற்கு? டாக்டர் சீட்டு கிடைக்காமல் போகிற நாளுக்கு! நல்ல காரியம் பேசும்போது இது அபசகுனம் என்று நினைக்காதீர்கள். தேர்வு எழுதுகிறவர்கள் லட்சக்கணக்கில், இடங்களோ கொஞ்சம். நன்றாகப் படித்த பெண்களுக்கும் கிடைக்காமல் போகிறது. அன்றைக்கு, "சரி, படிச்சது போதும், மாப்பிள்ளை பார்க்கலாம்" என்று வீட்டில் பேச்சு எழாமல் இருக்க, இன்னொரு கதவு திறந்திருக்க வேண்டும் அல்லவா?

எந்தக் கதவு எங்கே திறக்கும்?

உயிரியலோடு கணிதம் எடுத்தால் கதவுகள் அதிகம். மருத்துவம் சார்ந்த எல்லாப் படிப்புகளுக்கும் போகலாம், பொறியியலுக்கும் போகலாம். பொறியியலின் 200 மார்க் கட்-ஆஃபில் கணிதத்துக்கு மட்டும் 100. கணிதம், புள்ளியியல் பட்டப் படிப்புகளும் இருக்கின்றன. அம்மா சொல்வது இந்த வகையில் சரி.

தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாக எடுப்பதை 'பியூர் சயன்ஸ்' என்கிறார்கள். உயிரியலை இன்னும் விரிவாகப் படிக்கலாம். பி.எஸ்ஸி. நர்சிங், பிசியோதெரபி, பி.ஃபார்ம், கால்நடை மருத்துவம், விவசாயம் எல்லாம் இதிலும் உண்டு. தமிழ்நாட்டில் நர்சிங் போன்றவற்றுக்கும் கால்நடை மருத்துவத்துக்கும் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மார்க்கை வைத்தே கொடுக்கப்படுகின்றன. நீட் சரியாக எழுதாத பெண்ணுக்கும் இங்கே இடம் கிடைக்கலாம். இழப்பது பெரும்பாலும் பொறியியலையும் கணிதம் கேட்கிற பட்டப் படிப்புகளையும்தான்.

உயிரியலோடு கம்ப்யூட்டர் சயன்ஸ் சில பள்ளிகளில் உண்டு. நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், மனையியல் என்று வைத்திருக்கும் பள்ளிகளும் உண்டு. பாடம் சுவையானதுதான். ஆனால் கணிதம் இல்லாததால் பொறியியல் கதவு இங்கேயும் மூடிவிடும்.

சரி, உயிரியலே எடுக்காமல் கணிதம்-கம்ப்யூட்டர் படித்த பெண்ணுக்குப் பிறகு டாக்டர் ஆசை வந்தால்? முன்பு வழி இல்லை. 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம், பிளஸ் டூ முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களும் நீட் எழுதலாம் என்று அறிவித்தது. ஆகவே அக்கம்பக்கத்தில் யாராவது "போச்சு, எல்லாம் போச்சு" என்று பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

கணிதம் டாக்டருக்கு உதவுமா?

உதவும். குழந்தையின் எடைக்கு ஏற்ற மருந்தின் அளவிலிருந்து எல்லாம் கணக்குதான். எம்.பி.பி.எஸ்.ஸில் சமூக மருத்துவப் பாடத்தில் புள்ளியியலும் வருகிறது. கையில் விளக்கோடு நாம் படத்தில் பார்க்கிற ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் கணக்கில் கெட்டிக்காரர். 1854 முதல் 1856 வரை கிரிமியப் போரில் பணிபுரிந்தவர், காயத்தால் செத்த சிப்பாய்களை விட நோயால் செத்தவர்களே அதிகம் என்பதைப் புள்ளிவிவரப் படம் வரைந்து காட்டினார். ஆஸ்பத்திரிச் சுத்தத்துக்காக அவர் போராடியதற்கு அந்தக் கணக்குகள்தான் ஆயுதம்!

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்குப் போகும் முன் நாலு வருஷம் ஒரு பட்டப் படிப்பு. தேவையான அறிவியல் பாடங்களை முடித்துவிட்டால், கூட எடுக்கிற துணைப் பாடம் சங்கீதமாகவும் இருக்கலாம், சரித்திரமாகவும் இருக்கலாம். அங்கே துணைப் பாடம் மனசுக்குப் பிடித்ததற்கு. இங்கே பதினைந்து வயசுப் பெண் எடுக்கிற நாலாவது பாடம் பிழைப்புக்கும் வழி காட்ட வேண்டியிருக்கிறது. அதனால்தான் இவ்வளவு யோசனை.

பெண் சொல்வதும் சரிதான்

கணிதம் என்றால் இரவு தூக்கம் வராத பெண்ணுக்கு அதைக் கட்டாயப்படுத்தித் தலையில் கட்டாதீர்கள். தினமும் இரண்டு மணி நேரம் கணக்கோடு மல்லுக்கட்டினால், அந்த இரண்டு மணி நேரம் 360 மார்க் உள்ள உயிரியலிலிருந்து போகிறது. பயந்து பயந்து படித்தால் இரண்டும் கெடும். பத்தாம் வகுப்புக் கணக்கை டியூஷன் இல்லாமல், அழாமல் போட்டாளா? அப்படியென்றால் கணிதம் எடுக்கட்டும். இல்லையென்றால் தாவரவியல்-விலங்கியலில் குறைவு ஒன்றுமில்லை.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களை நினைத்துப் பாருங்கள். வெயிலில் வெள்ளை உப்பின் கூச்சம் கண்ணைத் தாக்கும். உப்பு நீரில் நின்று நின்று பாதம் வெடிக்கும். அவர்களுக்கு டாக்டர் மட்டுமா வேண்டும்? கண் பரிசோதிக்கிறவர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் எல்லோரும் வேண்டும். அவர்களில் ஒருத்தியாக உங்கள் மகள் வந்தால் அது தோல்வியா என்ன?

பள்ளியை மாற்றுமுன் யோசியுங்கள்

இது மிக முக்கியம். நல்ல மார்க் வாங்கிய பெண்ணை, "அங்கே கோச்சிங் நல்லா இருக்கு" என்று பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்கு மாற்றுகிற பழக்கம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அரசு உதவி பெறும் பள்ளி இந்தக் கணக்கில் வராது. பிளஸ் ஒன்னில் பள்ளி மாறினால், ஆறிலிருந்து சேர்த்த தகுதி அத்தனையும் போய்விடும்!

எல்லைக்கு அருகே இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இந்த 7.5 சதவீதம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு உரியது. புதுச்சேரியில் 2023 முதல் 10 சதவீதம் என்று தனியாக ஒன்று உண்டு. அது அந்த யூனியன் பிரதேசத்துப் பிள்ளைகளுக்கு. பஸ் வசதி, தெரிந்தவர் சிபாரிசு என்று பள்ளியை மாற்றினால் இரண்டும் இல்லாமல் நிற்க நேரலாம்.

எல்லாப் பள்ளியிலும் எல்லா குரூப்பும் இருப்பதில்லை. விண்ணப்பம் வாங்கும்போதே என்னென்ன குரூப், அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். சேர்ந்த பின் மாற்ற வேண்டுமானால் முதல் சில வாரங்களுக்குள் போய்க் கேட்பதே நல்லது.

மனசையும் பார்த்துக்கொள்ளுங்கள்

2017-ல் அரியலூர் மாவட்டத்து அனிதா, பிளஸ் டூவில் 1200-க்கு 1176 வாங்கியும் டாக்டர் ஆக முடியாமல் நம்மை விட்டுப் போனதை எந்தத் தாய் மறப்பாள்? "டாக்டர் ஆகலேன்னா என் முகத்தில் முழிக்காதே" என்று விளையாட்டுக்குக் கூடச் சொல்லாதீர்கள். பெண் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால் 104 அல்லது 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். மனநல ஆலோசனை இலவசம்.

1907-ல் முத்துலட்சுமி ரெட்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அதற்கு முன் புதுக்கோட்டையில் ஆண்கள் கல்லூரியில் அவர் சேர்ந்தபோது, பெண்ணை உள்ளே விடலாமா என்றே சண்டை நடந்தது. இன்று நம் பெண்களுக்கு அந்தக் கேள்வி இல்லை. எந்தப் பாடம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கையில் இருக்கிறது. அந்த உரிமையை அவளிடமே கொடுங்கள். கதவுகளை எடுத்துச் சொல்வது உங்கள் வேலை. விண்ணப்பப் படிவத்தில் நாலாவது பாடத்தின் பெயரை அவள் கைப்பட எழுதட்டும்!