கதிரைத் தின்னும் காற்று

வறட்சி வந்தால் நிலம் வெடிக்கும்; வெள்ளம் வந்தால் வயல் மூழ்கும். காற்று மாசு விளைச்சலைத் தின்னும்போது கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை. பயிர் வழக்கம்போலவே நிற்பதாகத் தோன்றும். அறுவடையில்தான் மூட்டை குறையும். விவசாயி மண்ணையோ விதையையோ நொந்துகொள்வார்.

இழப்பு சிறிதன்று. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவன அறிஞர்கள், 2005-ஆம் ஆண்டின் மாசை வைத்துக் கணக்கிட்ட ஆய்வு 2014-இல் வெளியானது. தரையை ஒட்டிய ஓசோன் என்னும் மாசால் இந்தியாவில் 2005-இல் மட்டும் 35 லட்சம் டன் கோதுமையும் 21 லட்சம் டன் அரிசியும் போயின. பருத்தி, சோயாவையும் சேர்த்தால் இழப்பு சுமார் 129 கோடி டாலர். போன தானியம், வறுமையில் வாழும் 9.4 கோடிப் பேருக்குப் போதுமானது.

ஓசோன் எங்கிருந்து வருகிறது?

வானுயரத்தில் இருக்கும் ஓசோன் நமக்குக் குடை. தரையருகே உருவாகும் ஓசோன் பயிருக்கு நஞ்சு. வாகனங்களும் அனல்மின் நிலையங்களும் கக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகள், எரிபொருள் ஆவியிலும் வைக்கோல் புகையிலும் உள்ள கரிம வாயுக்களோடு வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உருவாக்குகின்றன. காற்று இந்தக் கலவையைத் தள்ளிக்கொண்டு போவதால், பல நேரங்களில் நகரத்தைவிடச் சுற்றுப்புறக் கிராமங்களில்தான் ஓசோன் மிகுதி.

இலைத்துளைகள் வழியே நுழையும் ஓசோன் ஒளிச்சேர்க்கையைக் குறைக்கிறது. இலை முன்கூட்டியே பழுக்கிறது. ஊட்டம் போதாமல் மணி சிறுக்கிறது. கங்கைச் சமவெளியில் கோதுமை மணி பிடித்து முற்றும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் ஓசோனை உருவாக்கும் வெயிலும் ஏறுகிறது.

இழப்பீடு ஏன் இல்லை?

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம், வட்டாரத்தின் விளைச்சலைக் கடந்த 7 ஆண்டுகளில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரியை வைத்தே அளக்கிறது. அந்த ஆண்டுகளிலும் ஓசோன் தின்றுதான் இருக்கிறது. குறைந்த விளைச்சலே வழக்கமான விளைச்சலாகிவிட்டால், இழப்பு எந்த ஏட்டிலும் ஏறாது.

2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டமும் நகரங்களின் நுண்தூசியையே குறிவைக்கிறது. வயலின் காற்றையும் அது கணக்கில் எடுக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

தரையருகே ஓசோன் நெடுநாள் தங்காது; சில மணி நேரம் முதல் சில வாரங்களுக்குள் சிதைந்துவிடும். அனல்மின் நிலையங்களில் நைட்ரஜன் ஆக்சைடைக் கட்டுப்படுத்துவதும், வைக்கோலை எரிக்காமல் மடக்கி உழும் இயந்திரம் சிறு விவசாயிக்கும் வாடகைக்குக் கிடைக்கச் செய்வதும் இன்றே தொடங்கக்கூடியவை. மாசு குறைவதால் கூடும் விளைச்சல் கூடுதல் உரமோ நீரோ கேட்காது. புகை குறைந்தால், அடுத்த போகத்து மணியே சாட்சி சொல்லும்.