உங்களுக்குத் தெரியுமா? பத்தாயிரம் வீச்சு மீன்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில மீன் ‘மஸ்கி’. பத்தாயிரம் முறை தூண்டில் வீசினால்தான் ஒன்று சிக்கும் என்பது அந்த ஊர்ப் பேச்சு. கொஞ்சம் மிகைதான், ஆனால் வெறுங்கையோடு திரும்பியவர்கள் மறுக்க மாட்டார்கள்!

வசந்தத்தில் இதைத் தேட ஆழத்துக்குப் போகவேண்டியதில்லை. பனி உருகி, நீர் 9 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும்போது, பாசி படர்ந்த கரையோர ஆழமற்ற நீரில் முட்டையிட வரும். கூடு கட்டாது, காவலும் இருக்காது. முட்டைகளைத் தூவிவிட்டுப் போய்விடும். முட்டையிடும் மீன்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றுதான் மாநிலத்தின் வடபகுதியில் மே மாதக் கடைசியிலிருந்துதான் மஸ்கி பிடிக்க அனுமதி.

முட்டையிட்ட களைப்பு தீராத மீனுக்குப் பெரிய போலி இரை எடுபடாது. சிறியதாகக் கட்டி மெதுவாக இழுப்பார்கள். வெயில் நேராக விழும் வடகரை வளைவுகளில், அதுவும் கருஞ்சேற்றுத் தரையுள்ள இடங்களில், நீர் முதலில் சூடாகும்; பிற்பகலில் அங்கே வீசிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

இன்னொரு வேடிக்கை: மஸ்கி இரையைப் படகுவரை துரத்திவந்து, கடிக்காமல் முறைக்கும். உடனே தூண்டிலைத் தூக்கிவிடக் கூடாது. கோலின் நுனியை நீருக்குள் அமிழ்த்தி, எட்டு என்ற எண்ணை எழுதுவதுபோல் சுழற்றவேண்டும். பல மீன்கள் கவ்வுவது அந்த வளைவில்தான்.