ஓரத்தில் தொடங்கி நடுவைப் பிடிக்கலாம்

பள்ளிச் சதுரங்கப் போட்டிகள் நடக்கும் மண்டபங்களில் பெற்றோர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒரே கேள்விதான்: "சார், என் பிள்ளை முதல்ல எந்தக் காயை நகர்த்தணும்?"

கேள்வி எளிமையானது. ஆனால், அதன் பின்னால் ஒரு கவலை இருக்கிறது. மலாக்கா நகரத்தில் மாதக் கட்டணம் கட்டிப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் முதல் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல்களை மனப்பாடமாக வைத்துக்கொண்டு மேசைக்கு வருகிறார்கள். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கைத்தொலைபேசியும் வாரம் ஒருமுறை ஆசிரியர் ஒதுக்கும் இரண்டு மணி நேரமும்தான் மூலதனம். ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்திலேயே, தன் சொந்த மூளை வேலை செய்வதற்கு முன்பே, எதிராளியின் மனப்பாடத்திடம் தோற்றுவிடுகிறார்கள். பிறகு, "எனக்கு சதுரங்கம் வராது சார்" என்று பலகையை மூடிவிடுகிறார்கள். எனக்கு வலிப்பது அதுதான்.

அதனால்தான் ஓரத் தொடக்கங்களைப் பற்றி இங்கே சொல்ல வந்தேன்.

சிங்கப்பூரில் நடந்தது

2024 டிசம்பர் மாதத்தை நினைத்துப் பாருங்கள். நம் மலாக்காவிலிருந்து பேருந்து ஏறினால் சில மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய சிங்கப்பூரின் செந்தோசாவில், சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷும் சீனாவின் டிங் லிரெனும் உலக விருதுக்காக மோதிக்கொண்டிருந்தார்கள். மொத்தம் 14 ஆட்டங்கள். பத்து ஆட்டங்கள் முடிந்தபோது 5–5 என்று சமநிலை.

பதினோராவது ஆட்டத்தில் குகேஷுக்கு வெள்ளைக் காய்கள். ராஜாவின் முன்னால் இருக்கும் சிப்பாயையோ ராணியின் முன்னால் இருக்கும் சிப்பாயையோ அவர் தொடவில்லை. குதிரையை எஃப்3 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். அடுத்து சி4. மூன்றாவதாக பி4, அதாவது பலகையின் ஓரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். நடப்பு உலக வெற்றியாளரான டிங், நான்காவது நகர்த்தலிலேயே அரை மணி நேரத்துக்கும் மேலாக யோசித்தபடி உட்கார்ந்துவிட்டார். பின்னர் குகேஷும் ஒரே நகர்த்தலுக்கு நெடுநேரம் செலவழித்தார். ஆனாலும், முதலில் மனப்பாடம் தீர்ந்துபோனது டிங்குக்குத்தான். நேரம் நெருக்க, 28வது நகர்த்தலில் அவர் தவறினார். 29வது நகர்த்தலில் குகேஷின் ராணி ஒரு குதிரையை வெட்டியதும் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

அந்த முன்னிலை ஒரே நாள்தான் நிலைத்தது. மறுநாள் டிங் சி4 என்று இன்னொரு ஓரத் தொடக்கத்தைக் கையில் எடுத்து அழகாக வென்று 6–6 ஆக்கினார். கடைசியாக 14வது ஆட்டமும் குதிரை எஃப்3 என்றே தொடங்கியது. அதில் கறுப்புக் காய்களுடன் ஆடிய குகேஷ் வென்று 7.5–6.5 என்ற புள்ளியில் உலக வெற்றியாளர் ஆனார். அந்தப் போட்டியில் வெற்றி தோல்வி கண்ட ஆட்டங்கள் ஐந்து. அவற்றில் மூன்று, ஓரத்திலிருந்து தொடங்கியவை.

ஓரத் தொடக்கம் என்றால் என்ன?

சதுரங்கப் பலகையில் நடுவில் இருக்கும் நான்கு கட்டங்கள்தான் நாற்சந்தி மாதிரி. நடுவில் நிற்கும் குதிரை எட்டுக் கட்டங்களைப் பார்க்கும். மூலையில் நிற்கும் குதிரை இரண்டைத்தான் பார்க்கும். எனவே, நடுவைப் பிடி என்பது பால பாடம். இ4, டி4 என்று தொடங்குபவர்கள் சிப்பாயையே நேராக அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள்.

ஓரத் தொடக்கம் ஆடுபவரும் நடுவை மறப்பதில்லை. அவர் அங்கே குடியேற அவசரப்படாமல், குதிரையாலும் மந்திரியாலும் தூரத்திலிருந்து குறிவைக்கிறார். ஜி3 என்று ஒரு சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, அந்த இடைவெளியில் மந்திரியை ஜி2 கட்டத்தில் உட்காரவைத்தால், அது மூலைவிட்டமாகப் பலகை முழுவதையும் பார்க்கும். எதிராளி நடுவில் சிப்பாய்களை அடுக்கட்டும். அடுக்கிய பிறகு அவற்றையே இலக்காக்கலாம் என்பதுதான் கணக்கு.

மலாக்காக்காரர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. போர்த்துகீசியர் கட்டிய கோட்டையை டச்சுக்காரர்கள் பிடித்த கதை நமக்குத் தெரியும். 1640ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜொகூர் படையோடு சேர்ந்து வந்தவர்கள் முதல் நாளே மதிலில் மோதி நுழைந்துவிடவில்லை. கடலையும் கரையையும் அடைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள். உள்ளே பசியும் நோயும் வாட்டின. 1641 ஜனவரி 14ஆம் தேதிதான் இறுதித் தாக்குதல். நடுவில் கோட்டை வைத்திருந்தவர் தோற்றார். வெளியிலிருந்து நெருக்கியவர் வென்றார்.

பழைய வழிதான்

இது புதிதாக முளைத்த குறுக்குவழி என்று நினைத்துவிடாதீர்கள். சி4 தொடக்கத்துக்கு ஆங்கிலத் தொடக்கம் என்று பெயர் வரக் காரணமே, 1843ல் பாரிசில் பிரான்சின் செயின்ட்-அமானை எதிர்த்து இங்கிலாந்தின் ஹோவர்ட் ஸ்டான்டன் அதை ஆடியதுதான். குதிரை எஃப்3 தொடக்கத்துக்குப் பெயர் தந்தவர் ரிச்சர்ட் ரெட்டி. 1924ல் நியூயார்க்கில், எட்டு ஆண்டுகளாக யாரிடமும் தோற்காமலிருந்த உலக வெற்றியாளர் கபாபிளாங்காவை அவர் வீழ்த்திய ஆட்டமும் குதிரை எஃப்3, சி4, பி4 என்றுதான் போகிறது. நூறு ஆண்டுகள் கழித்து குகேஷ் தள்ளியதும் அதே சிப்பாய்களைத்தான்.

1987ல் செவில்லில் நடந்த போட்டியில், காரி காஸ்பரோவ் கடைசியான 24வது ஆட்டத்தை வென்றால்தான் விருது தங்கும் என்ற நிலை. அப்படிப்பட்ட நாளில் நாமாக இருந்தால் பாய்ந்து தாக்கத்தான் நினைப்போம். அவர் சி4 என்று பொறுமையாகத் தொடங்கினார். காய்களைப் பலகையிலேயே வைத்துக்கொண்டு கார்ப்போவை மணிக்கணக்கில் யோசிக்கவைத்தார். நேர நெருக்கடியில் கார்ப்போவ் தடுமாற, காஸ்பரோவ் வென்று 12–12 என்ற சமநிலையில் விருதைத் தக்கவைத்துக்கொண்டார்.

தமிழர்களுக்கு ஒரு கசப்பான உதாரணமும் உண்டு. 2013 நவம்பரில் சென்னையில் விஸ்வநாதன் ஆனந்தை எதிர்த்து மேக்னஸ் கார்ல்சன் பெற்ற முதல் வெற்றி ஐந்தாவது ஆட்டத்தில் வந்தது. அதுவும் சி4 என்றுதான் தொடங்கியது. அடுத்த நகர்த்தலிலேயே டி4 ஆடி வேறொரு வழக்கமான பாதைக்குள் நுழைந்துவிட்டார் கார்ல்சன். ஓரத்தில் தொடங்குபவருக்கு இப்படி எந்தப் பாதையில் நுழைவது என்ற தேர்வு கையில் இருக்கும்.

நம் பிள்ளைகளுக்கு என்ன லாபம்?

முதலாவது, ராஜாவின் பாதுகாப்பு. குதிரை எஃப்3, சிப்பாய் ஜி3, மந்திரி ஜி2, கோட்டை கட்டுதல். நான்கே நகர்த்தலில் ராஜா வீட்டுக்குள் போய்விடுகிறார். சிறு பிள்ளைகள் தோற்கும் ஆட்டங்களைப் பாருங்கள். பாதிக்கு மேல் ராஜா நடுவில் மாட்டிக்கொண்ட கதையாக இருக்கும்.

இரண்டாவது, படிக்க வேண்டியது குறைவு. இ4 என்று தொடங்கினால் எதிராளி என்ன பதில் சொல்வார் என்பதற்கேற்ப சிசிலியன், பிரெஞ்சு, காரோ-கான் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தயாராக வேண்டும். மேலே சொன்ன நான்கு நகர்த்தல்களோடு டி3 ஆடி, இன்னொரு குதிரையை டி2 கட்டத்தில் வைத்து, பிறகு இ4 என்று தள்ளினால் அதுவே ஒரு முழு அமைப்பு. ராஜ இந்தியத் தாக்குதல் என்று பெயர். பாபி ஃபிஷர் இளம் வயதில் இதை விரும்பி ஆடினார். பெரும்பாலான பதில்களுக்கு இந்த ஒரே அமைப்பு போதும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மட்டுமே உள்ள பிள்ளைக்கு இது பெரிய மிச்சம்.

மூன்றாவது, ஆட்டம் சீக்கிரமே இரண்டு பேருக்கும் புதிதாகிவிடும். மனப்பாடம் செய்துவந்த பிள்ளையும் சொந்தமாக யோசிக்க வேண்டும். தோட்டத்துப் பிள்ளையும் யோசிக்க வேண்டும். அந்த இடத்தில் கட்டணம் கட்டிய பயிற்சியின் எடை குறைந்து, பலகையை யார் கூர்ந்து பார்க்கிறார் என்பது முன்னுக்கு வருகிறது. நான் இதை வலியுறுத்தும் முக்கியக் காரணம் இதுவே.

மறுபக்கமும் உண்டு

ஓரத் தொடக்கம் தாயத்து இல்லை. 1970ல் பெல்கிரேடில் சோவியத் அணிக்கும் உலக அணிக்கும் நடந்த போட்டியில், இவ்வகைத் தொடக்கங்களில் கைதேர்ந்த டென்மார்க்கின் பென்ட் லார்சன் பி3 என்று ஆரம்பித்தார். நடுவை மெத்தனமாக விட்டதற்கு போரிஸ் ஸ்பாஸ்கி 17 நகர்த்தலிலேயே தண்டனை கொடுத்து அனுப்பினார். நடுவைத் தாமதமாகத் தாக்கலாம். தாக்காமலேயே இருக்க முடியாது.

பிள்ளைகளிடம் நான் பார்க்கும் ஆபத்து வேறு மாதிரி. எதிராளி என்ன ஆடுகிறார் என்று பார்க்காமலேயே முதல் ஆறு நகர்த்தலையும் கடகடவென்று ஆடிவிடுவார்கள். நடுவே ஒரு காய் ஓசியில் கிடைத்தாலும் கண்ணில் படாது. மனப்பாடத்திலிருந்து தப்பிக்க வந்தவர்கள் இன்னொரு மனப்பாடத்தில் மாட்டிக்கொள்ளும் கதைதான் அது.

அனுபவமுள்ள பயிற்றுநர்கள் பலர் முதலில் இ4 கற்றுக்கொடுங்கள் என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. திறந்த ஆட்டங்களில் காய்கள் சீக்கிரம் மோதிக்கொள்ளும். இரட்டைத் தாக்குதல், கட்டிப்போடுதல் போன்ற உத்திகள் அங்கேதான் கைக்குப் பழகும். எனவே, புதிதாகக் கற்கும் பிள்ளை முதல் ஓராண்டு இ4 ஆடட்டும், தோற்கட்டும், வெட்டுக்குத்தைப் பழகட்டும். பள்ளி அளவைத் தாண்டி மாவட்டப் போட்டிக்குப் போகும் நேரத்தில் ஓரத் தொடக்கம் கைகொடுக்கும்.

வீட்டிலேயே பழக

பயிற்சிக்குப் பெரிய செலவு வேண்டாம். லிசெஸ் தளம் முற்றிலும் இலவசம், விளம்பரம்கூட வராது. அதில் மேலே சொன்ன அமைப்பை வைத்துப் பத்து ஆட்டங்கள் ஆடச் சொல்லுங்கள். ஓர் ஆட்டத்துக்குப் பத்து நிமிடமாவது இருக்கட்டும். ஒரு நிமிட ஆட்டம் வேண்டாம்.

ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் நோட்டுப் புத்தகத்தில் மூன்றே விஷயங்களை எழுதவையுங்கள். ராஜா எத்தனையாவது நகர்த்தலில் கோட்டைக்குள் போனார்? நடுவில் இருந்த எதிராளியின் சிப்பாயை எந்த நகர்த்தலில் தாக்கினாய்? எந்த இடத்தில் அதிக நேரம் யோசித்தாய்? சதுரங்கம் தெரியாத அம்மாவும் இந்த மூன்றையும் கேட்கலாம். இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாத ஆட்டங்கள்தான் திரும்பப் பார்க்க வேண்டியவை.

செந்தோசாவின் கடைசி ஆட்டத்தில் தொடக்கம் யாருக்கும் வெற்றியைத் தேடித் தரவில்லை. 55வது நகர்த்தலில் டிங் தன் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்துக்கொண்டு சலிக்காமல் நெருக்கிக்கொண்டே இருந்த குகேஷ் அதைப் பார்த்துவிட்டார். நல்ல தொடக்கம் நம் பிள்ளையை அந்த 55வது நகர்த்தல் வரை மேசையில் உட்காரவைத்தால் போதும். மீதியை அவனோ அவளோ தன் கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும்.