ஆய்வுக்கு வழிகாட்டும் மருத்துவ நூலகர்கள்: உழைப்புக்கு நன்றியுரை மட்டுமே

புது தில்லி: ஒரு மருந்து பலன் தருமா, தராதா என்பதை ஒரே ஓர் ஆய்வைக் கொண்டு முடிவு செய்யும் வழக்கத்தை மருத்துவ உலகம் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி, தரம் பார்த்து, ஒருங்கே எடைபோடும் 'சிஸ்டமேட்டிக் ரிவியூ' எனப்படும் ஆய்வுத் தொகுப்புகளே இன்று சிகிச்சை நெறிமுறைகளுக்கு அடிப்படை. அவற்றை எழுதும் மருத்துவர்களின் பெயர்கள் முதல் பக்கத்தில் அச்சாகின்றன. ஆய்வுகளைத் தேடித் தந்த மருத்துவ நூலகருக்குப் பெரும்பாலும் கடைசிப் பக்கத்து நன்றியுரையில் ஒரு வரி கிடைக்கிறது. சில வேளைகளில் அதுவும் இல்லை.

இது வெறும் மரியாதைப் பிரச்னை அல்ல. 2001-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆஸ்துமா ஆய்வில், ஆரோக்கியமாக இருந்த 24 வயதுப் பெண் தன்னார்வலர் ஹெக்ஸாமெதோனியம் என்ற மருந்தைச் சுவாசித்தபின் நுரையீரல் பாதிக்கப்பட்டு இறந்தார். ஆய்வாளர் தேடிய 'பப்மெட்' தரவுத்தளத்தில் அப்போது 1966 முதலான கட்டுரைகளே இருந்தன. அம்மருந்தால் நுரையீரலுக்குக் கேடு விளையலாம் என்ற தகவலோ 1950-களின் இதழ்களில் கிடந்தது. மரணத்துக்குப் பின் அதனை எடுத்துக்காட்டியவர்களுள் மருத்துவ நூலகர்களும் உண்டு.

கணினியில் ஒரு சொல்லைத் தட்டினால் எல்லாம் வந்துவிடும் என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் இருக்கிறது. பாம்புக்கடியையே எடுத்துக்கொள்ளலாம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58 ஆயிரம் பேர், பாம்புக்கடியால் இறந்ததாக 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. இவர்களுக்குரிய சிகிச்சை குறித்த ஆய்வுகளைத் தேடுபவர், கண்ணாடி விரியனின் இன்றைய அறிவியல் பெயரான 'டபோயா'வை மட்டும் கொடுத்தால், 'வைப்பெரா' என்ற முன்னாள் பெயரில் எழுதப்பட்ட கட்டுரைகள் பல கைநழுவிப் போகும். விஷமுறிவு மருந்தும் அப்படியே. ஒருவர் 'ஆன்டிவெனம்' என்பார். மற்றவர் 'ஆன்டிவெனின்' என்பார். இந்திய மருத்துவர்கள் 'ஏ.எஸ்.வி.' என்று சுருக்கிவிடுவர். 'ஸ்னேக்பைட்' ஒரு சொல்லா, இரண்டு சொற்களா என்பதுகூடத் தேடலின் விளைவை மாற்றும். இவை அத்தனையையும் முன்கூட்டியே ஊகித்து, ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் ஏற்ற தேடல் வாசகத்தை வகுப்பதே நூலகரின் பணி. வரும் ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் இரட்டிப்புகளை நீக்குவதும் அவரே.

இந்திய ஆய்வுகளைத் தேடுவதில் கூடுதல் சிக்கல் உண்டு. உள்நாட்டு இதழ்கள் பலவற்றை வெளிநாட்டுத் தரவுத்தளங்கள் சேர்த்துக்கொள்வதில்லை. இக்குறையைப் போக்கவே, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் தில்லியில் தேசியத் தகவலியல் மையம் 'இண்ட்மெட்' தரவுத்தளத்தை உருவாக்கி, 1985 முதலான கட்டுரைகளைத் தொகுத்தது. மருந்துப் பரிசோதனைகளுக்கான இந்தியப் பதிவேடு 2007-ல் தொடங்கி, 2009 ஜூன் 15 முதல் கட்டாயமாக்கப்பட்டது. தோல்வியுற்று, அச்சேறாமலே போன பரிசோதனைகளின் தடயம் இத்தகைய பதிவேட்டில்தான் கிடைக்கும். தேடத் தெரிந்தவர் இதனை விடுவதில்லை.

படிக்கும் வசதி பெருகியிருப்பது உண்மை. 'காக்ரேன்' ஆய்வுத் தொகுப்புகளை இந்தியர் அனைவரும் கட்டணமின்றிப் படிக்க 2007-ல் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வழிசெய்தது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்றாண்டுகளுக்கு ரூ. 6,000 கோடி ஒதுக்கப்பட்டது. 30 பதிப்பாளர்களின் சுமார் 13 ஆயிரம் இதழ்கள் அரசு நிறுவனங்களுக்குக் கிடைக்கும் வகையில் அது வகுக்கப்பட்டது. ஆனால், தேடித் தரும் ஆள்பலத்துக்கான திட்டமல்ல அது.

அமெரிக்க மருத்துவக் கழகம் 2011-ல் வகுத்த விதிகள், பயிற்சி பெற்ற நூலகரைத் தேடலில் ஈடுபடுத்த வேண்டும் என்றும், அவரது தேடலை வேறொரு நூலகர் சரிபார்க்க வேண்டும் என்றும் கூறுகின்றன. நூலகர் இணை ஆசிரியராக இருந்த தொகுப்புகளில் தேடல் முறை மேலும் தரமாக விவரிக்கப்பட்டிருந்தது 2015-ல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. தேடலை வரி விடாமல் வெளியிட வேண்டும் என்கிறது 2021-ல் வந்த 'பிரிஸ்மா-எஸ்' நெறிமுறை. அதனைப் பின்பற்றும் கட்டுரைகளில் நூலகர் எழுதிய தேடல் வாசகம் பின்னிணைப்பாகப் பல பக்கங்களுக்கு நீள்கிறது. ஆசிரியர் பட்டியலில் அவருக்கு இடம் தருவது இன்னமும் மருத்துவர்களின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே இருக்கிறது.