உதிரிபாகக் கடை: நீலகிரியில் ஒரு வேலையின் ஏற்ற இறக்கம்

நீலகிரியில் ஓடும் வாகனங்கள் சமவெளி வாகனங்களைக் காட்டிலும் விரைவில் தேய்வதற்கு அம்மலையின் அமைப்பே முதற்காரணம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்திலுள்ள மேட்டுப்பாளையத்துக்கும் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்துக்கும் இடையே சாலைத் தொலைவு சுமார் 50 கிலோமீட்டரே ஆதலால், ஏறும்போது கிளட்ச்சும் இறங்கும்போது பிரேக்கும் ஓய்வின்றி உழைக்கின்றன. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் ஆகிய ஊர்களின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இத்தேய்மானத்தை நம்பியே நடக்கின்றன. அக்கடைகளின் கவுண்டரில் நிற்பவரின் வேலை வெறும் விற்பனை வேலையாகவே பலராலும் கருதப்பட்டாலும், அது மலைப்பாதையில் செல்வோரின் உயிர்ப் பாதுகாப்போடு நேரடியாகப் பிணைந்த தொழில்நுட்ப வேலையாகும்.

பிரேக்கை எடுத்துக்கொண்டாலே இது விளங்கும். சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்புறத்தில் உரசி வேகத்தைத் தணிக்கும் பட்டையே பிரேக் லைனிங் எனப்படுகிறது. கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் அல்லது இரண்டாம் கியரில் இறங்காமல் பிரேக்கை மட்டுமே மிதித்துக்கொண்டு வரும் வாகனத்தில், இப்பட்டை அளவுக்கு மீறிச் சூடேறிப் பிடிமானத்தை இழக்கிறது. அச்சூடு பிரேக் ஆயிலுக்கும் பரவுகிறது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. ஆனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடைய இந்த ஆயில் பழையதாகி ஈரமேறிய பின் அதன் தாங்குதிறனுக்கான வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகிவிட்டால், பெடலை அடிவரை மிதித்தாலும் வண்டி நிற்பதில்லை. ஆகவே, லைனிங் வாங்க வருபவரிடம் ஆயில் மாற்றி எத்தனை காலமாயிற்று என்று கேட்கும் ஊழியர், வியாபாரத்தைக் கூட்டுவதற்காக மட்டும் அக்கேள்வியைக் கேட்பதில்லை.

சரியான பொருளைக் கண்டுபிடித்துக் கொடுப்பது இவ்வேலையின் கடினமான பகுதி. ஒர்க்‌ஷாப்பிலிருந்து வரும் பையன் கிரீஸ் படிந்த பழைய கிளட்ச் பிளேட்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து, அதே போல் ஒன்று வேண்டும் என்கிறான். ஊழியர் அதைத் துணியால் துடைத்து, வெளிவிட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, நடுத்துளையின் பற்களை எண்ணி, வண்டி எந்த ஆண்டு மாடல் என்று கேட்டபின்னரே அலமாரிப் பக்கம் திரும்புகிறார். பெயர் ஒன்றாக இருந்தாலும், பி.எஸ். 4 மாசுவிதி நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த 2017 ஏப்ரலுக்கும், பி.எஸ். 6 விதி வந்த 2020 ஏப்ரலுக்கும் முன்னும் பின்னும் தயாரான வண்டிகளின் பாகங்கள் பல வேறுபடுகின்றன. ஆர்.சி. புத்தகத்திலுள்ள 17 இலக்கச் சேசிஸ் எண்ணைக் கொண்டு பார்ட் நம்பரை உறுதிசெய்வதே பிழையற்ற வழி என்றாலும், பழைய எஸ்டேட் ஜீப்புக்கும் பலமுறை மாற்றியமைக்கப்பட்ட டிராக்டருக்கும் அனுபவசாலியின் கண்ணும் விரலுமே துணை.

இந்த அறிவே வேலையின் பெரிய வரவு. பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப், கேரட்டும் உருளைக்கிழங்கும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்கும் லாரி, சுற்றுலா டாக்சி எனப் பலவகை வண்டிகளின் குறைகளையும் கேட்டுக் கேட்டே ஓர் ஊழியர் சில ஆண்டுகளில் பாதி மெக்கானிக்காகிவிடுகிறார். ஒரிஜினல் எது, தரமான மாற்றுத் தயாரிப்பு எது, டூப்ளிகேட் எது என்று பிரித்துச் சொல்லும் நேர்மை அவருக்கு இருந்தால், மெக்கானிக்குகள் கடையின் பெயரைச் சொல்லாமல் அவர் பெயரைச் சொல்லியே ஆளனுப்புவார்கள். பின்னாளில் அவர் சொந்தக் கடை வைக்க நேர்ந்தால், அந்த நம்பிக்கையே முதலாகிறது.

இறக்கங்களும் குறைவல்ல. ஏப்ரல், மே மாதச் சீசனில் நிற்க நேரமின்றி ஓடும் வியாபாரம் மழைக்காலத்தில் படுத்துவிடுகிறது. தேயிலை விலை சரியும்போது சிறு விவசாயி ரிப்பேரைத் தள்ளிப்போடுவதோடு, பழைய பாக்கியும் கடன் நோட்டில் நீள்கிறது. அதைக் கேட்டு வாங்கும் சங்கடம் பெரும்பாலும் ஊழியர் தலையில்தான் விழுகிறது. நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 2009 நவம்பர் நிலச்சரிவின்போது நேர்ந்ததைப் போலச் சாலை துண்டிக்கப்படும் நாள்களில் கோவையிலிருந்து பார்சல் வருவதில்லை. உள்ளூரில் நின்றுபோன வண்டியின் உரிமையாளருக்கோ பொருள் அன்றைக்கே வேண்டும். பல உதிரிபாகங்களின் மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தபோது, பழைய விலை அச்சிட்ட பெட்டிகளைக் கையில் வைத்துக்கொண்டு கணக்கை விளக்கும் பொறுப்பும் கவுண்டருக்கே வந்து சேர்ந்தது. தவறாகப் பொருத்தியதால் எரிந்துபோன எலெக்ட்ரிக்கல் சாமானைத் திரும்பக் கொண்டுவருபவரிடம், அது ரிட்டர்ன் ஆகாது என்று சொல்லி ஏச்சு வாங்குவதும் அன்றாட நிகழ்வே.

உடல் வருத்தம் இதற்கு மேல். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் இரும்புச் சாமான்களைத் தொட்டெடுப்பதும், கனமான பேட்டரிகளைத் தூக்குவதும், நாள் முழுதும் சிமெண்டுத் தரையில் நிற்பதும் முழங்காலையும் இடுப்பையும் பதம்பார்க்கின்றன. கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி தரவேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத்தைத் திருத்தியுள்ளது. தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.க்குப் பொதுவாகப் பத்துப் பேரும், வருங்கால வைப்புநிதிக்கு இருபது பேரும் பணிபுரிய வேண்டும் என்பதால், மூன்று நான்கு பேர் மட்டுமே உள்ள சிறு கடைகளின் ஊழியர்களுக்கு இவ்விரண்டும் எட்டுவதில்லை.

ஆகவே, இவ்வேலைக்குரிய கூலியைச் சாமான் எடுத்துத் தரும் கைக்கு மட்டுமின்றி, சரியான சாமானைத் தேர்ந்தெடுக்கும் அறிவுக்கும் சேர்த்தே கடை உரிமையாளர்கள் கணக்கிட வேண்டும். வண்டி வைத்திருப்போரும் உதிரிபாகம் வாங்கச் செல்கையில் பழைய பாகத்தையும் ஆர்.சி. நகலையும் கொண்டுசென்று, பில் கேட்டு வாங்குவது இருவருக்கும் நல்லது. மற்ற எதில் சிக்கனம் பார்த்தாலும், மலையிறங்கும் வண்டியின் பிரேக்கில் மட்டும் விலை குறைந்ததைக் கேட்டு ஊழியரை நெருக்கக் கூடாது.