சிதறிய நேரமும் செவிலியர் படிப்பும்

செவிலியர் கல்வி பயிலும் மாணவ மாணவியர்க்கு ஒரு குறை உண்டு. "எங்களுக்குப் படிக்க நேரமே கிடைப்பதில்லை" என்பதே அது. பிற கல்லூரிகளில் பயில்வோரும் இவ்வாறு சொல்வதுண்டு. ஆயின் இரண்டிற்கும் வேறுபாடு இருக்கிறது. வரலாறு பயிலும் மாணவர் வகுப்பு முடிந்ததும் நூலகத்திற்குச் சென்று மூன்று மணி நேரம் தொடர்ந்து அமரலாம். செவிலியர் படிப்பு அவ்வாறு அமைந்ததன்று. காலையில் வார்டு, பிற்பகலில் வகுப்பு, மாலையில் குறிப்பேடு எழுதும் வேலை, சில வாரங்களில் இரவுப் பணி என்று அவர்களுடைய நாள் துண்டு துண்டாக வெட்டப்பட்டிருக்கிறது. ஆகவே அவர்கள் சொல்லும் குறை பொய்யன்று. எனினும் அக்குறைக்கு உள்ளேயே அதற்கு மருந்தும் இருக்கிறது. அதனை எடுத்துக் கூறுவதே இப்பேச்சின் நோக்கம்.

நான் மருத்துவத் துறையைச் சார்ந்தவன் அல்லன். ஆசிரியப் பயிற்சி பெற்று, 34 ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றி, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். என்னிடம் பயின்ற பெண்கள் பலரும், அண்மைக் காலத்தில் ஆண்கள் சிலரும் செவிலியர் கல்லூரிகளில் சேர்ந்திருக்கின்றனர். விடுமுறைக்கு ஊர் வரும்போது என்னைக் காண வருவார்கள். அவர்களுடைய நேரக் கணக்கைக் கேட்டறிவது என் வழக்கம். அவ்வாறு அறிந்தவற்றையும், கற்றல் பற்றி ஆராய்ந்தோர் கண்டவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வார்டில் கழியும் நேரம் படிப்பிலிருந்து பறிக்கப்பட்ட நேரம் என்று பலர் எண்ணுகின்றனர். செவிலியர் கல்வியின் வரலாறு இவ்வெண்ணத்தை மறுக்கிறது. 1860ஆம் ஆண்டில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் முயற்சியால் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. நோயாளியின் படுக்கையருகே நின்று கற்பதே அக்கல்வியின் உயிர்நாடி. நம் வேலூரிலும் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909ஆம் ஆண்டில் தொடங்கிய செவிலியர் பள்ளி மருத்துவமனையோடு இணைந்தே வளர்ந்தது. 1946ஆம் ஆண்டில் அங்குப் பட்டப் படிப்பும் ஏற்பட்டது. வார்டு வேறு, படிப்பு வேறு என்று பிரித்துக் கணக்கிடுவது இக்கல்விக்குப் பொருந்தாது.

இப்படிப்பு எதற்காக என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தேர்வு மண்டபத்தில் ஒரு விடையை மறந்தவருக்குச் சில மதிப்பெண்கள் குறையும். வார்டில் மறந்தால் இழப்பு வேறொருவருக்கு. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். ஒரு நோயாளிக்கு 500 மில்லி லிட்டர் சலைனை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். குழாயோ ஒரு மில்லி லிட்டருக்கு 20 சொட்டு விழும் வகை. 500ஐ 20ஆல் பெருக்கினால் 10,000 சொட்டு. 4 மணி என்பது 240 நிமிடம். வகுத்தால் நிமிடத்திற்கு ஏறக்குறைய 42 சொட்டு. எட்டாம் வகுப்புச் சிறுவனும் போடக்கூடிய கணக்குத்தான். ஆனால் இரவு 3 மணிக்கு, தூக்கம் கண்ணை அழுத்தும் வேளையில், பக்கத்துப் படுக்கைக்காரர் அழைத்துக்கொண்டிருக்கும்போது அது பிழையின்றி வர வேண்டும். இதயம் தளர்ந்த முதியவருக்குச் சலைன் மிக விரைவாக ஏறிவிட்டால், நுரையீரலில் நீர் தேங்கி மூச்சுத் திணறல் உண்டாகக்கூடும். எனவே வேண்டிய கணத்தில் நினைவுக்கு வருமாறு படிப்பதே செவிலியருக்கு உரிய படிப்பு.

அவ்வாறு நினைவில் நிற்கச் செய்வது எப்படி? ஜெர்மனி நாட்டு அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தம்மையே சோதனைப் பொருளாக்கி இதனை ஆராய்ந்து, 1885ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பொருளற்ற அசைகளை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்தார். 12 அசைகள் கொண்ட ஒரு வரிசையை ஒரே அமர்வில் 68 முறை படித்ததனால் மறுநாள் எவ்வளவு பயன் கிடைத்ததோ, அதே பயன் மூன்று நாட்களுக்குப் பகிர்ந்து 38 முறை படித்ததனாலேயே கிடைத்தது. உழைப்பு ஏறக்குறையப் பாதி, பயன் ஒன்றே. செவிலியர் மாணவர் எந்தச் சிதறலைக் குறை என்று எண்ணி வருந்துகிறார்களோ, அந்தச் சிதறலே நினைவுக்கு உகந்ததாய் இருப்பதைப் பாருங்கள். ஒரு முறை படித்துவிட்டுச் சற்றே மறக்கத் தொடங்கும் வேளையில் மீண்டும் அதனைத் தொடுவது, தொடர்ந்து பலமுறை படிப்பதினும் ஆழப் பதிகிறது.

இரண்டாவது ஆராய்ச்சி 2006ஆம் ஆண்டில் வெளிவந்தது. ரோடிகர், கார்ப்பிக் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் கல்லூரி மாணவர்க்கு உரைநடைப் பகுதி ஒன்றைக் கொடுத்தனர். ஒரு குழுவினர் அதனை நான்கு அமர்வுகளிலும் திரும்பத் திரும்பப் படித்தனர். மற்றொரு குழுவினர் ஓர் அமர்வில் படித்துவிட்டு, மற்ற மூன்று அமர்வுகளில் தாளைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, படித்துக்கொண்டே இருந்தவர்கள் முன்னே நின்றனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாயிற்று. படித்துக்கொண்டே இருந்தவர்க்கு நினைவில் நின்றது நூற்றுக்கு 40 பங்கு. நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்க்கு 61 பங்கு.

முதலாண்டு மாணவி ஒருத்தி ஒரு முறை என்னிடம், "ஐயா, காலை 4 மணிக்கே எழுந்து படிக்கிறேன், வார்டில் அக்கா கேள்வி கேட்டால் மட்டும் வாய் வருவதில்லை" என்றாள். புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். வரிக்கு வரி மூன்று நிறங்களில் கோடிட்டிருந்தாள். "புத்தகத்தை மூடிவிட்டு இந்தப் பக்கத்தைச் சொல், அம்மா" என்றேன். நான்கு வரிக்கு மேல் ஓடவில்லை. அவளிடம் உழைப்புக்குக் குறைவில்லை. மூடிய புத்தகத்தோடு பழகவில்லை, அவ்வளவே. வார்டில் எவரும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்பதில்லை அல்லவா?

இனி நேரக் கணக்கிற்கு வருவோம். ஒரு வாரத்திற்கு 168 மணி. நாளுக்கு 7 மணி வீதம் உறக்கத்திற்கு 49 மணி. வகுப்பும் வார்டும் சேர்ந்து 40 மணி என்று கொள்வோம். குளியல், உணவு, துணி துவைத்தல், போக்குவரவு ஆகியவற்றிற்கு நாளுக்கு 4 மணி வீதம் 28 மணி. இவை போக எஞ்சுவது 51 மணி. இது முழுவதும் படிப்பிற்கு வராது, வரவும் வேண்டியதில்லை. வீட்டாரோடு பேசவும், தோழியரோடு சிரிக்கவும் நேரம் வேண்டும். பாதியே கிடைத்தாலும் வாரத்திற்கு 25 மணி. இந்நேரம் பத்து நிமிடமும் அரை மணியுமாகச் சிதறிக் கிடப்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கைப்பேசி அதனை ஓசையின்றி உண்டுவிடுகிறது.

இத்துண்டுகளைப் பயன்படுத்தும் முறை எளியது. வார்டுக்குப் புறப்படுமுன் பத்து நிமிடம் ஒதுக்கி, ஒரு சிறு தாளில் மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். "ஓய்வாக இருக்கும் பெரியவர்க்கு நாடித்துடிப்பு நிமிடத்திற்கு எத்தனை, மூச்சு எத்தனை?" என்பது ஒன்று. "டிகாக்சின் மருந்து கொடுக்குமுன் ஒரு முழு நிமிடம் நாடித்துடிப்பை எண்ணுவது ஏன்?" என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு நாடி 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20 என்பது விடை. இரண்டாவதற்கு, அம்மருந்து இதயத் துடிப்பைத் தாழ்த்தக்கூடியது என்பது விடை. நடக்கும்போது பாராமல் விடை சொல்லிப் பாருங்கள். வராத விடையை மாலையில் புத்தகத்தில் தேடுங்கள். மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் அதே தாளை எடுத்துப் பாருங்கள்.

குறிப்பேட்டை அன்றன்றே எழுதிவிடுங்கள். நோயாளியின் முகமும் அவர் சொன்ன சொல்லும் நினைவில் இருக்கும்போது அரை மணியில் முடியும் வேலை, மாதக் கடைசியில் ஓர் இரவை விழுங்கும். அன்றே எழுதும் குறிப்பு ஒரு மீள்பயிற்சியுமாகும். பிறகு பிறருடைய ஏட்டைப் பார்த்து எழுதுவது கைவேலை மட்டுமே. உங்கள் சொந்தக் கைக்குறிப்பில் நோயாளியின் பெயரை எழுத வேண்டா. அவருடைய மறைவைக் காப்பதும் உங்கள் தொழிலறம்.

தமிழ்வழியில் பயின்று வந்தவர்க்கு முதலாண்டில் ஆங்கிலக் கலைச்சொற்கள் மலையாகத் தோன்றும். அச்சொற்களில் பெரும்பாலன கிரேக்க, லத்தீன் உறுப்புகளால் ஆனவை. 'கார்டியோ' என்றால் இதயம். 'நெஃப்ரோ' என்றால் சிறுநீரகம். 'ஹெப்பட்டோ' என்றால் கல்லீரல். 'டாக்கி' என்றால் விரைவு. 'பிராடி' என்றால் மந்தம். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி. 'டாக்கிகார்டியா', 'நெஃப்ரைட்டிஸ்', 'ஹெப்படைட்டிஸ்' ஆகிய சொற்கள் இப்போது தாமே பொருள் சொல்கின்றன அல்லவா? நாளுக்கு இரண்டு உறுப்புகள் வீதம் கற்றால், ஒரு மாதத்தில் 60 உறுப்புகள் வசமாகும். எறும்பு ஊரக் கல்லும் தேயும்.

உறக்கத்தை விற்றுப் படிப்பை வாங்காதீர்கள். 1924ஆம் ஆண்டில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், மனப்பாடம் செய்தபின் உறங்கியவர்க்கு, விழித்திருந்தவரைவிட மிகுதியாக நினைவு நிற்பதைக் கண்டனர். இரவுப் பணி முடிந்து வரும் காலையில் புதிய பாடத்தைத் தொடங்க வேண்டா. அறையை இருட்டாக்கி முதலில் உறங்குங்கள், எழுந்தபின் படியுங்கள். அந்த வாரத்தில் பழைய கேள்வித் தாள்களைப் புரட்டினாலே போதும்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாப் பாடத்தையும் பத்து நிமிடத் துண்டுகளில் கற்றுவிட இயலாது. இதயத்தின் நான்கு அறைகளில் இரத்தம் செல்லும் வழியையோ, சிறுநீரகம் நீரை வடிக்கும் முறையையோ முதன்முதலில் புரிந்துகொள்ள, இடையூறற்ற ஒரு மணி நேரமாவது வேண்டும். அதற்கு வார விடுமுறையின் காலைப் பொழுதை ஒதுக்குங்கள். படம் வரைந்து, தோழிக்கு விளக்கிச் சொல்லுங்கள். புரிந்துகொள்ள நீண்ட அமர்வு. புரிந்ததைக் காத்துக்கொள்ளச் சிறு சிறு துண்டுகள். இவ்விரண்டையும் இடம் மாற்றாதிருந்தால் நேரம் போதும்.

மாணவ மாணவியரே! உங்களைப் பெற்றோரும் ஆசிரியரும் மதிப்பெண்ணைக் கொண்டு மதிப்பிடலாம். நோயாளிக்கு உங்கள் மதிப்பெண் தெரியாது. சொட்டு விழும் குழாயைப் பார்த்துக்கொண்டு, விடியும் வரை உங்களை நம்பிப் படுத்திருப்பார். கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணி, 42 என்பது சரிதான் என்று நீங்கள் உறுதியோடு அடுத்த படுக்கைக்கு நகரும்போது, முன்பு என்றோ ஒரு காலையில் செலவிட்ட பத்து நிமிடம் அவருக்குப் பயன்பட்டுவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள்.